வழித்துணை நேரம்

"போன் நிமிந்து கெடக்குதுங்ணா" என்றாள் கோகிலவாணி, இரண்டு டீயையும் மேசையில் வைத்துக்கொண்டே. தண்டபாணியின் கை பழக்கத்தில் அதைக் கவிழ்க்கப் போனது, பாதியில் நின்றது, திரும்பி வந்து டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டது. வழித்துணை நேரத்தில் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றரையிலிருந்து அரை மணி நேரம், ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். மூத்தவருக்கு வழித்துணை என்று பெயர். மென்டார் என்று சொன்னால் அந்நியமாக இருக்கிறது என்று மேலே யாரோ சொல்லி, போட்டி வைத்து, இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று மட்டும் போன் நிமிர்ந்து இருக்க வேண்டும். மதியம் ஆறாவது மாடியில் மனிதவளத் துறை ரேஷ்மா, சாப்பிடக்கூட நேரமில்லாதவளைப் போல நின்றுகொண்டே சொன்னாள்: "எப்பவும் போல பேசிட்டிருங்க பாணி. இங்க அவங்க பேப்பர்ஸ் ரெடியாகி, சிஸ்டத்தையும் மூடினதும் மெசேஜ் போடறோம். கூட்டிட்டு மேல வந்துருங்க. தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா அதிர்ச்சி கம்மியா இருக்கும்." போன வருஷம் ஆட்களை அவர்கள் இடத்துக்கே போய் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒருவன் கம்ப்யூட்டர் திரையை எட்டி உதைத்தான், பக்கத்தில் இருந்தவன் அதைப் படம் எடுத்தான். அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை டீ. "அம்மாவை ஆஸ்பத்திரில சேத்திருக்கு. அதான் போன்" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"ஐயோ, அம்மாவுக்கு என்னாச்சுங்ணா? சொல்லவேயில்ல?" அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூச்சுத் திணறல் என்றான். உட்கார்ந்தா திணறுதா, படுத்தாத்தான் திணறுதா, கால் வீங்கியிருக்குதா என்று அவள் கேட்டாள். அமெரிக்காவில் எங்கோ யாரோ ஒருவர் படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று டாக்டரிடம் சொன்னதை, சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து படித்து, அந்த நோய்க்குரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை ஆறு வருஷமாகப் பார்க்கிறவள். அவளிடம் போய் நோயைப் பற்றிப் பொய் சொல்கிறோம் என்று நினைத்தான். படுத்தா என்றான். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் என்று பட்டது. அம்மா இந்நேரம் தாராபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருப்பாள். ஒருக்களித்துப் படுப்பாள், வாய் லேசாகத் திறந்திருக்கும். வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று சின்ன வயதில் அவளே அவன் வாயில் அடித்திருக்கிறாள். "என் ரூம்மேட் இங்கதான், ராமநாதபுரத்துல நர்சுங்ணா, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, ஒரு போன் போட்டாப் போதும், நல்லாப் பாத்துக்குவாங்க." வேண்டாம்மா, தம்பி இருக்கான் என்றான். தம்பியும் இல்லை. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொருவன் பிறந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறான். அவனுக்கு ஒரு முகம்கூட மனதில் வந்துவிட்டது, கொஞ்சம் வழுக்கை, கட்டம் போட்ட சட்டை. "அப்பன்னா இன்னிக்கு நாம பேச வேண்டாம். நீங்க கெளம்புங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அரை மணி நேரம் இங்கயே உக்காந்து தனியாப் பேசிட்டிருக்கேன்" என்று சிரித்தாள். கிளம்பலாம். உண்மையிலேயே கிளம்பிவிடலாம். பார்க்கிங்கில் வண்டியை எடுத்து, சத்தி ரோட்டில் ஏறி, மெசேஜ் வரும்போது கணபதி ஸ்டாப்பைத் தாண்டியிருக்கலாம். அப்போது வேறு யாராவது கீழே வந்து இவளைத் தோளைத் தொட்டு அழைப்பார்கள். தெரியாத முகம். அதிர்ச்சி அதிகமாக இருக்கும். இல்லை வாணி, உக்காருங்க, சொல்லுங்க என்றான்.

சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, உடம்பை ஒரு சாண் முன்னால் கொண்டுபோனான். அதுவும் சொல்லித்தந்ததுதான். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர், வெள்ளைத் தாடி, சட்டைக் கை மடிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது, இரண்டு நாள் ஒரு ரிசார்ட்டில் வைத்துச் சொல்லித்தந்தார். பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறவன் முதலாளி, கேள்வி கேட்கிறவன் தலைவன். பேச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உங்களுடையதாக இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவரின் கடைசி வார்த்தையைத் திரும்பச் சொல்லுங்கள், அவர் மேலே பேசுவார். மௌனத்தை நிரப்பாதீர்கள், அது தானே நிரம்பும். முதலில் தண்டபாணிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வீட்டில் மகளிடம் செய்து பார்த்தான், அவள் அரை மணி நேரம் பேசினாள், அதற்கு முன் அப்படிப் பேசியதில்லை. வேலை செய்கிறது. அதுதான் பயமே, எல்லாம் வேலை செய்கிறது. இவள் முதல் நாள் வந்தபோது மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு, என்ன கேட்டாலும் நல்லாருக்குதுங்க சார் என்றாள். சார் என்று அழைக்கக் கூடாது, பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பதும் விதி, அவளுக்கு நாக்கு வரவில்லை. ஒரு மாதம் எதுவும் சொல்லி அழைக்காமலே ஓட்டினாள், பிறகு மேலே கூட்டங்களில் தண்டபாணி, கீழே கேன்டீனில் அண்ணா என்று அவளாகவே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். கேள்விகளும் மௌனங்களுமாக ஒரு வருஷம். கிணத்துக்கடவு, அப்பா, தென்னந்தோப்பு, மாமன் மகனுக்குத்தான் கட்டிக்கொடுப்பேன் என்று அவர் நிற்பது, இவள் பையை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தது, எல்லாம் தானாக வந்து நிரம்பியது. ஒரு வியாழக்கிழமை சொன்னாள்: "இந்த வேலை இருக்கற வரைக்குந்தாங்ணா எங்கப்பா ஹாஸ்டல் வாசல்ல நின்னு பேசிட்டுப் போறாரு. இல்லீன்னா உள்ள வந்துருவாரு." அவன் கடைசி வார்த்தையைத் திரும்பச் சொன்னான். உள்ள வந்துருவாரு. அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தனக்கு ஒரு நிறைவு இருந்ததை நினைத்துக்கொண்டான், ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த நிறைவு.

"நானே சொல்லோணும்னு இருந்தேன்" என்றாள் வாணி. "காலைல அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டனுங்ணா." எந்தக் கம்பெனி என்று கேட்டான், தெரிந்தும். "அதானுங்ணா, திருச்சி ரோட்டுல, ஆஸ்பத்திரிக்காரங்க. போன வாரம் சொன்னேனே. ஆர்டர்கூடக் குடுத்துட்டாங்கன்னு." டம்ளரின் விளிம்பில் பாலாடை படிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் எடுத்தான், எங்கே வைப்பது என்று தெரியவில்லை, டம்ளரின் வெளிப்புறத்தில் தடவினான். ஏன் வேண்டாம்னு சொன்னீங்க. "நீங்க கேட்ட கேள்விதாங்ணா. எதுலருந்து ஓடறீங்க, எதைப் பாத்து ஓடறீங்கன்னு கேட்டீங்கல்ல? ஒரு வாரமா அதே யோசனை. எதைப் பாத்தும் ஓடலை, இங்க மேனேஜர் மூஞ்சியப் பாக்க முடியாம ஓடறேன், அவ்வளவுதான். அப்பா கிட்டருந்தும் ஓடி வந்தாச்சு, இங்கருந்தும் ஓடுனா இதே பொழப்பாப் போயிரும்னு தோணுச்சு. நின்னு பாப்போம்னு சொல்லிட்டேன்." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பாராட்டுக்குக் காத்திருக்கிற வெளிச்சம். அந்தக் கேள்வி அவனுடையது இல்லை. அந்தத் தாடிக்காரருடையதாகக்கூட இருக்காது, அவர் வேறு எங்கிருந்தோ எடுத்திருப்பார். போன வியாழக்கிழமை இவள் அதைச் சொன்னபோது அவனுக்குத் தெரியாது, ஆட்குறைப்புப் பட்டியல் என்று ஒன்று இருப்பதே திங்கட்கிழமைதான் தெரியும், இவள் பெயர் இன்று மதியம்தான். அது உண்மை. ஆனால் கேள்வியைக் கேட்டபோது வேறொன்று தெரியும். வழித்துணைகளை வருஷக் கடைசியில் எடை போடுவது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான், அவர்களிடம் விடப்பட்ட இளையவர்கள் கம்பெனியில் தங்கினார்களா, போனார்களா. போகிறேன் என்று வருகிறவரிடம் போகாதே என்று சொல்ல வேண்டியதில்லை. எதைப் பார்த்து ஓடுகிறாய் என்று கேட்டால் போதும். கம்பெனியே வெளியே அனுப்பினால் அது கணக்கில் வராது. ரேஷ்மா அதையும் மதியம் ஆறுதல்போலச் சொன்னாள்.

அந்த வேலைக்குப் போ. நாக்கின் அடியில் வாக்கியம் தயாராக இருந்தது. வேறு எதுவும் சொல்ல வேண்டாம், பட்டியல், ரேஷ்மா, மேலே காத்திருக்கும் அறை எதையும் சொல்ல வேண்டாம். "முடிவு சொன்னதும் அவங்க என்ன சொன்னாங்க?" என்றான். கேள்விதான் வந்தது. "அந்தம்மா நல்ல மாதிரிங்ணா. அஞ்சு மணி வரைக்கும் வேற யாரையும் கூப்பிடாம வெக்கறேன், மனசு மாறுனாக் கூப்பிடும்மான்னாங்க. அதெல்லாம் மாறாதுங்கன்னு சொல்லிட்டேன்." சுவரில் கடிகாரம் இருந்தது, அதைப் பார்த்தால் அவளும் பார்ப்பாள் என்று பார்க்காமல் இருந்தான். அஞ்சு மணி. இன்னும் நேரம் இருக்கிறது. மெசேஜ் இன்னும் வரவில்லை, ஆறாவது மாடியில் பிரிண்டர் மக்கர் செய்யலாம், யாரோ கையெழுத்துப் போட வேண்டியவர் டீ குடிக்கப் போயிருக்கலாம். அதற்குள் சொல்லிவிட்டால் அவள் இங்கேயே உட்கார்ந்து ஒரு போன் போட்டுவிடலாம். ஆனால் இவளால் எதையும் முகத்தில் மறைக்க முடியாது. மேலே போனதும் ரேஷ்மா பேச ஆரம்பிக்கும் முன்பே, தெரியும்ங்க, அண்ணா சொன்னாங்க என்பாள், நன்றியாகவே சொல்வாள். கசிஞ்சா எங்கருந்து கசிஞ்சுதுன்னு கண்டுபிடிச்சிருவோம் பாணி என்று ரேஷ்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்கும் ஒரு வழித்துணை உண்டு, எல்லோருக்கும் மேலே ஒருவர் உண்டு. அவனுடையவர் வெங்கட்ரமணி, துணைத் தலைவர், காலையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: நாளை நாம் ஒரு டீ சாப்பிடுவோமா. நாளை வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எதற்கு. அவர்கள் இருவரும் சந்திப்பது மாதம் ஒரு முறை, அது போன வாரமே முடிந்துவிட்டது. செய்தியின் கடைசியில் ஒரு டீக் கோப்பையின் படம் இருந்தது, ஆவி பறக்க. நாற்பத்தேழு வயதில் வெளியே வந்தால் எங்கே போவது. இந்த வேலையை அடுத்த வருஷம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், அதனால்தானே இந்தப் பட்டியல். மகள் இப்போதுதான் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். மகளை இழுக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அம்மாவை இழுத்தது போதும்.

பழைய மில் மேனேஜர் குப்புராஜ் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. கேட்கவில்லை, கேன்டீன் மூலையில் யாரோ கை கழுவினார்கள், அந்தத் தண்ணீர்ச் சத்தம். பீளமேட்டு மில் ஆபீஸில் அவனுடைய முதல் வேலை, முதல் மேனேஜர். பஞ்சுப் பொதியின் எடை ஒன்றைத் தப்பாக எழுதினதற்காக, கூறு கெட்டவனே என்று கத்தி, அறைக்கு வெளியே பள்ளிக்கூடப் பையனைப் போல அரை நாள் நிற்க வைத்தவர். பெண் டைப்பிஸ்டுகள் கடந்துபோகும்போது வேண்டுமென்றே கதவைத் திறந்து இன்னும் நிக்கறியா என்று கேட்பார். அவர் நல்லவர் இல்லை. கடைசிவரை நல்லவராக ஆகவும் இல்லை. ஒரு நாள் மதியம் கை கழுவுகிற இடத்தில், பக்கத்துக் குழாயில் இவன், அவர் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ஏப்பா, தீவாளிக்கு முன்னாடி வேற எடம் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் மறுபடி கத்தினார். இவன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். தீபாவளி முடிந்து மற்றவர்கள் வேலைக்குப் போனபோது மில் கேட்டில் பூட்டு. அவர் இவனிடம் மட்டும் ஏன் சொன்னார், எல்லோரிடமும் சொல்லி இவன் ஒருவன்தான் கேட்டானா, தெரியாது. அவருக்கும் சொல்லக் கூடாது என்று உத்தரவு இருந்திருக்கும். ரிசார்ட்டில் அந்தத் தாடிக்காரர் கலர் சீட்டுகளைக் கொடுத்து, நீங்கள் பார்த்த மோசமான தலைமைக்கு ஓர் உதாரணம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றபோது, தண்டபாணி யோசிக்கவே இல்லை. குப்புராஜ் என்று எழுதி ஒட்டினான். நின்ற கதையைச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். குழாயடிக் கதையைச் சொல்லவில்லை, அது எந்தச் சீட்டில் ஒட்ட வேண்டியது என்று தெரியவில்லை. இரண்டு வாக்கியம்கூட இல்லை, ஒன்று. துப்பிவிட்டுச் சொன்ன ஒன்று.

"வாணி" என்றான். "அந்தம்மாகிட்ட இன்னொரு தடவை பேசிப் பாக்கறது நல்லதோன்னு தோணுது." குரல் சரியாகவே வந்தது. அவள் கண்களைச் சுருக்கி அவனைப் பார்த்தாள், பிறகு வாய் மெதுவாக விரிந்தது. "டெஸ்ட் வெக்கறீங்களா?" இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். "போன வாரம் ஓடறீங்களான்னு கேட்டீங்க, நின்னுட்டேன். இப்ப ஓடிப் பாருங்கறீங்க. நான் எவ்வளவு உறுதியா இருக்கேன்னு பாக்கறதுக்குத்தானுங்ணா? உங்களப் பத்தித் தெரியாதா எனக்கு?" நான் போகத்தான் சொல்றேன் என்று சொல்ல வேண்டும். நீ போ. ஒரு வருஷமாக இவளிடம் அவன் எதையும் நேராகச் சொன்னதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் இன்னொன்றைத் திறப்பதற்கான சாவியாகத்தான் இருந்தது. இப்போது வெறும் வாக்கியத்தைச் சொன்னாலும் இவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எந்தப் பூட்டுக்கு என்று தேடுகிறாள். "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று ஆரம்பித்தான். அவள் கையை உயர்த்தினாள். "மூணுல ஒரு பங்குங்ணா! நீங்கதான் நெறையப் பேசறீங்க இன்னிக்கு." அந்த விதியை அவன்தான் ஒரு நாள் விளையாட்டாக அவளிடம் சொல்லியிருந்தான். இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு சற்று நேரம் அதிகமாக நீடித்தது, அதை நிறுத்துவது எப்படி என்று தெரியாததைப் போல.

அவள் தலையைத் திருப்பிக் கேன்டீனைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்காதே என்று நினைத்தான். அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். ஜன்னலோரம் கணக்குப் பிரிவு லூர்துமேரி, எதிரில் புதிதாகக் கல்யாணமான அந்தப் பையன், நடுவில் போன் நிமிர்ந்து கிடந்தது. தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை, அங்கேயும் திரை மேலே பார்த்துக்கொண்டிருந்தது, அந்த வழித்துணை காலி டம்ளரில் ஸ்பூனை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். மற்ற மேசைகளிலெல்லாம் போன்கள் கவிழ்ந்து கிடந்தன, அங்கே பேச்சும் கொஞ்சம் சத்தமாக இருந்தது. எந்தெந்த மேசைக்கு மெசேஜ் வரப்போகிறது என்று வாசலில் நின்றே ஒருவர் சொல்லிவிடலாம். லூர்துமேரியின் கண்கள் ஒரு தடவை தண்டபாணியின் மேசைக்கு வந்து, போனைத் தொட்டு, உடனே வேறு பக்கம் போய்விட்டன. "அட, இன்னிக்கு அங்கங்க போன நிமித்தித்தான் வெச்சிருக்காங்க" என்றாள் வாணி. கண்டுபிடிச்சுடு என்றது உள்ளே ஒரு குரல், தெளிவாக, கெஞ்சலாக. நீயே கண்டுபிடி. நான் சொல்லவில்லை, நீயாகவே கண்டுபிடித்தாய். போன் நிமிர்ந்த மேசைகளில் இளையவர்கள் யார் யார் என்று பார். எல்லாம் பெரிய சம்பளம் இல்லாத, ஆறேழு வருஷ ஆட்கள், ஒரே வேலை பார்க்கிறவர்கள். பார், யோசி, என் முகத்தைப் பார்த்துக் கேள். ஒரு கேள்வி கேள், நான் மறுக்க மாட்டேன். மௌனத்தை நிரப்பாமல் இருந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசைகளைப் பார்த்தாள், புருவம் நெருங்கியது. "மேட்ச் இருக்குதாட்ட இருக்குதுங்ணா" என்றாள். "என்னமோ பெரிய உத்தமங்க மாதிரி உக்காந்துட்டு எல்லாரும் ஸ்கோர் பாக்கறாங்க. உங்க லூர்துமேரியக்காகூட." ஆமா என்றான். இருக்கும் என்றான்.

பிறகு அவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாராம், வாசலிலேயே நின்றாராம், இளநீர் கொண்டுவந்து கொடுத்தாராம், மாமன் மகன் பேச்சை எடுக்கவே இல்லையாம். "போறப்போ, உன்ர கம்பெனில உனக்குக் கீழ எத்தனை பேருன்னு கேட்டாருங்ணா. எட்டுப் பேருன்னேன். எட்டுப் பேரான்னு கேட்டுட்டுக் கெளம்பிட்டாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போறாரு." கீழே என்று அவளுக்கு யாரும் இல்லை. புதிதாக வந்த எட்டுப் பேருக்கு அவளாகவே வேலை சொல்லித் தருகிறாள், சாயங்காலம் அவர்களுக்குத் தின்னவும் வாங்கித் தருகிறாள். கடைசி வார்த்தையைத் திரும்பச் சொல்ல வேண்டும் போலிருந்தது, நாக்கு அதற்குத்தான் பழகியிருந்தது. திரும்பிப் பாத்துட்டுப் போறாரு. சொல்லவில்லை. அவள் பேச்சு காதில் விழுந்துகொண்டிருக்க, அவன் ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் இந்தப் பேச்சை முடித்ததும். இந்த வாக்கியம் முடிந்ததும். அவள் இந்த வாய் டீயைக் குடித்துக் கீழே வைத்ததும். ஏதோ ஒரு வண்டி ரிவர்ஸில் வரும் சத்தம் வெளியே விடாமல் கேட்டது, அது நின்றதும். நின்றது. இன்னொன்று தொடங்கியது. பயமா என்று தன்னைக் கேட்டுக்கொண்டான், பயம்தான், ஆனால் பயம் மட்டும் என்றால் இத்தனை சுற்ற வேண்டியதில்லை. இவள் இப்போது அவனைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. சொன்ன கணத்தில் அது போய்விடும். நீங்க இதுக்குத்தான் உக்காந்திருந்தீங்களா என்பாள். மேலே போய்த் தெரிந்துகொண்டாலும் அதையேதான் கேட்பாள். இன்னும் கொஞ்ச நேரம். அதற்காகவா. இந்த டீ ஆறும் வரைக்கும் நல்லவனாக இருப்பதற்காகவா. "நீங்க மட்டும் இல்லீன்னா" என்று அவள் ஆரம்பித்தபோது போன் திரை வெளிச்சம் போட்டது.

"ஆஸ்பத்திரியா?" என்று அவள் எட்டிப் பார்க்கப் போனாள், அவன் எடுத்துக்கொண்டான். ரெடி, வரலாம். பக்கத்தில் கட்டைவிரல் படம். ஜன்னலோரம் லூர்துமேரியும் எழுந்துகொண்டிருந்தாள், புடவையைச் சரிசெய்வதைப் போலக் குனிந்துகொண்டு. அம்மாவுக்குப் பரவாயில்லையாம் என்றான். "அப்பாடா. எனக்கே பக்குனு ஆயிருச்சு" என்று வாணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். போலாமா என்றான். கடிகாரம் நேரே எதிரில் இருந்தது, நான்காகியிருந்தது. அஞ்சு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம். மேலே பேச்சு அதிகபட்சம் இருபது நிமிஷம்தான், அதற்குப் பிறகும் நேரம் இருக்கும், அவளே போன் போட்டுக்கொள்வாள், அந்தம்மா நல்ல மாதிரி என்றாளே. போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது உடனே நினைவுக்கு வந்தது. போன வருஷம் படம் எடுத்ததற்குப் பிறகு, அறைக்குள் போகும்போதே வாங்கிவிடுகிறார்கள், எல்லாக் கையெழுத்தும் முடிந்து செக்யூரிட்டி கேட் வரை வந்து கொடுப்பதற்கு ஆறு மணியாகிவிடும். "ஒரு நிமிசங்ணா, பசங்களுக்கு பஜ்ஜி வாங்கிக்கறேன்" என்று அவள் கவுண்டருக்கு ஓடினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்வதென்றால் ஆறு அடி தூரம்தான். கவுண்டர்க்காரர் ஏதோ கேலி பேசினார், அவள் பதிலுக்கு, "எண்ணெயப் பிழிஞ்சா ஒரு கார் ஓட்டலாம், சட்னியாச்சும் கூட வைங்க" என்றாள், அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். வலது கையில் சூடான பொட்டலமும் இடது கையில் சட்னிப் பையுமாகத் திரும்பி வந்தாள். வாணி என்றான். என்னங்ணா. ஒண்ணுமில்ல, வா.

நீங்க என்று சொல்லாமல் வா என்றது அவளுக்குப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது, வேகமாக முன்னால் நடந்தாள். லிஃப்டில் வேறு யாரும் இல்லை. எண்ணெய் வாசனை சட்டென்று சிறிய இடத்தில் நிறைந்தது. "ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு, மூணாவது மாடிக்கு அமுத்துங்ணா" என்றாள், அதே மூச்சில், புதிதாக வந்த பையன்களில் ஒருவன் மூட்டு வலிக்கு மூக்கு அடைப்பின் எண்ணைப் போட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். தண்டபாணி ஆறை அழுத்தினான். கதவு மூடியது. அவள் அந்தப் பையன் முழித்த முழியை முழித்துக் காட்டிக்கொண்டே, சட்னி சிந்தாமல் பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.